சாப்பாட்டு மேசையில் என்ஜின்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கேக்காரம்மாவுக்கு விழிப்புத் தட்டியது. பக்கத்தில் கணவர் இல்லை. சாப்பாட்டு அறையிலிருந்து மட்டும் 'டிங்... டிங்...' என்று மெல்லிய சத்தம். யாரோ மிகுந்த மரியாதையோடு திருடுவதைப் போல இருந்தது.

போர்வையை உதறிவிட்டுப் போய்ப் பார்த்தாள். நினைத்தது சரிதான்.

"என்னங்க பண்றீங்க?"

கண்ணாடிக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவர் அவர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். முகம் மட்டும் சர்க்கரை டப்பாவுக்குள் கைவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்.

"ஒண்ணும் பண்ணல. நட்டை லேசா லூஸ் பண்ணி வைக்கிறேன்."

"உங்க தங்கச்சி என்ன சொன்னா? தான் வர்ற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு சொன்னாளா இல்லையா?"

"திறக்கலையே. லூஸ்தான் பண்றேன். ரெண்டும் வேற வேற."

"நல்லா வேற வேற! கீழ வையுங்க அதை."

வைத்தார். ஆனால் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் வைத்தார்.

அந்த என்ஜின் சாப்பாட்டு மேசைக்கு வந்ததற்கு அவளும் ஒரு காரணம். வீட்டிலேயே கேக் செய்து விற்கிற அவளுக்கு ஆர்டர்கள் பெருகிவிட்டன. இன்னோர் அடுப்பு வைக்க இடம் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையிலோ பத்து வருஷத்துக்கு மேலாகச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. "ஒண்ணு அது ஓடணும், இல்ல வெளிய போகணும்" என்று போன வாரம் உத்தரவு போட்டுவிட்டாள். அவர் வண்டியிலிருந்து என்ஜினைத் தனியாகக் கழற்றிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை ஒழுகியது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முக்கி முனகி அதை உள்ளே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள்.

அந்தச் செய்தி எட்ட வேண்டிய காதுக்கு எட்டியது. வாலு ஃபோன் செய்தாள்.

"அண்ணி, என்ஜினைத் திறக்கிறதா இருந்தா நான் இல்லாம திறக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை வர்றேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

வாலு, கண்ணாடிக்காரரின் ஒரே தங்கை. நாற்பதைத் தாண்டிவிட்டாள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள், அவளைக் கண்டால் பெரிய பெரிய லாரிகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. ஆனாலும் இந்த வீட்டில் அவள் வாலுதான்.

அந்த வண்டியைக் கடைசியாக ஓட்டியவளும் அவள்தான். அன்று பாதி வழியில் வண்டி இறுகி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். 'ஆயில் இருக்கா இல்லையான்னு பார்க்காம ஓட்டி என்ஜினைக் கொன்னுட்டா' என்றார் அண்ணன். 'ஆயில் இருந்துச்சு' என்றாள் தங்கை. அன்றோடு பேச்சு நின்றது. அவள் ஃபோன் செய்து, தப்பித்தவறி இவர் எடுத்துவிட்டால், "இதோ" என்று சொல்லி மனைவியிடம் நீட்டிவிடுவார். இத்தனை வருஷத்தில் அண்ணன் தங்கையிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

இன்று அந்த என்ஜினுக்குப் பிரேதப் பரிசோதனை. யார் கொன்றது என்று தெரிந்துவிடும்.

இதற்கு நடுவே கேக்காரம்மாவுக்கு ஒரு பெரிய ஆர்டர் வேறு. யாரோ ஓய்வுபெறுகிறார்களாம், மூன்று அடுக்கு கேக். இரண்டு அடுக்கு நேற்றே வெந்து ஆறிவிட்டது. மூன்றாவதை இன்று வைக்க வேண்டும். சாயங்காலம் ஆள் வந்துவிடும்.

அவள் மாவைச் சலித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வாலு உள்ளே வந்தாள். அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாகவே மேசையை ஒரு நோட்டம் விட்டாள்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் ஏற்கெனவே நட்டைத் தொட்டிருக்கார். மேல இருந்த அழுக்கு உதிர்ந்திருக்கு பாருங்க."

கண்ணாடிக்காரர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "உன் நாத்தனார்கிட்ட சொல்லு. லூஸ்தான் பண்ணேன்."

"லூஸ் பண்றதும் தொடுறதுதான்னு சொல்லுங்க அண்ணி."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நடுவுல நான் என்ன ஒலிபெருக்கியா? என்னமோ பண்ணுங்க. எனக்கு மாவு காயுது."

சொன்னாளே தவிர, சமையலறைக்குள் போகவில்லை. மாவுப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவோரமாகவே நின்றுவிட்டாள். இந்த நாளுக்காக அவளும்தானே இத்தனை வருஷம் காத்திருக்கிறாள்.

முதலில் ஆயிலை வடிக்க வேண்டும். கண்ணாடிக்காரர் மேசையடியில் குனிந்து எதையோ எடுத்தார். கேக்காரம்மாவின் கண்கள் விரிந்தன.

"அது என்னோட கேக் டின்!"

"சின்னதுதானே? நீ தூக்கிப் போடணும்னு சொன்னியே, அதான். இது போதும். உள்ள ரெண்டு ஸ்பூன் ஆயில் இருந்தாலே அதிசயம்." கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

வாலு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

என்ஜினை மேசை விளிம்புக்கு நகர்த்தி, அடியிலிருந்த மூடியைத் திருகினார் கண்ணாடிக்காரர். மூடி கையோடு வந்தது. அதன் பின்னாலேயே ஆயிலும் வந்தது. கறுப்பாக, கெட்டியாக, அவசரமே இல்லாமல் வந்தது. டின் பாதி நிறைந்தது. முக்கால் நிறைந்தது. அவர் மூடியைத் திரும்ப மாட்டப் பார்த்தார். மூடி விரலிலிருந்து வழுக்கி டின்னுக்குள் விழுந்து மூழ்கியது.

"ஐயோ, தரை! தரை!" என்று கேக்காரம்மா அலறினாள்.

வாலு எழுந்தாள். நிதானமாகச் சமையலறைக்குள் போனாள். அங்கிருந்ததிலேயே பெரிய அலுமினிய வாளியைக் கொண்டுவந்து டின்னுக்குப் பதிலாக வைத்தாள். மறுபடி போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

கண்ணாடிக்காரர் ஆயிலை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"ஆயில் இருக்கு," என்றார், யாரிடமும் இல்லாமல். "இருந்தாலும் மேல ஏறாம இருந்திருக்கலாம். பிஸ்டனைப் பார்த்தா தெரிஞ்சிரும். சூட்டுல உரசியிருந்தா கோடு கோடாக் கிழிச்சிருக்கும்."

மேலே இருந்த நான்கு நட்டுகளும் கழன்றன. தலைப்பகுதியைத் தூக்கினார். உள்ளே அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. ஓடின வண்டி என்றால் அது இருக்கத்தான் செய்யும். அடுத்தது சிலிண்டர். உள்ளே பிஸ்டன் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும், அடித்துத்தான் எடுக்க வேண்டும் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ரப்பர் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு, பெண்கள் இருவரையும் தள்ளி நிற்கச் சொன்னார். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார். இடக்கையால் சிலிண்டரைப் பிடித்து, 'ம்' என்று தம் கட்டி இழுத்தார்.

அது விரலிலிருந்து மோதிரம் கழல்வதைப் போல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கட்டிய தம் வீணாகி, அவர் இரண்டடி பின்னால் போய் அலமாரியில் இடித்துக்கொண்டார்.

கேக்காரம்மா மாவுப் பாத்திரத்துக்குள் முகத்தைப் புதைத்துச் சிரிப்பை அடக்கினாள்.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. கடையில் லென்ஸில் கீறல் பார்க்கப் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டார். பிஸ்டனைத் துணியால் துடைத்துவிட்டு, இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். சிலிண்டருக்குள் விரலைவிட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"கோடு இருக்கா?" என்று கேட்டாள் வாலு.

"இல்ல," என்றார் அவர்.

கேக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை; அவள் கவனித்துவிட்டாள். நடுவில் ஆளில்லாமல் ஒரு கேள்வி போய், ஒரு பதில் வந்திருக்கிறது.

"பளிங்கு மாதிரி இருக்கு," என்றார் அவர் மறுபடி. குரலில் ஏமாற்றமா, பயமா என்று தெரியவில்லை. "அப்ப எதுதான் இறுக்கிப் பிடிச்சுது?"

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே," என்றாள் வாலு. "பூட்டினது பின்சக்கரம். கிளட்ச் பிடிச்சேன். பிடிச்சும் விடல."

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

கிளட்சைப் பிடித்தால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு அறுந்துபோகும். இறுகியது பிஸ்டன் என்றால், கிளட்ச் பிடித்ததும் சக்கரம் விடுபட்டிருக்க வேண்டும். விடவில்லை என்றால், கோளாறு கிளட்சுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கியருக்குள் இருக்கிறது. ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது அவருக்குத் தெரியாததல்ல.

"நீ... பயத்துல பிடிச்சிருக்க மாட்டேன்னு நினைச்சேன்."

"நீ எங்க கேட்டே? வந்தே, கிக்கரை மிதிச்சே, அது அசையல. உடனே தீர்ப்பு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டே."

அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அப்புறம், என்ன நினைத்தாரோ, அதைத் தங்கை பக்கம் நீட்டினார்.

"அந்தப் பக்கத்து மூடியை நீ கழட்டு. நான் இந்தப் பக்கம் பாக்கறேன்."

அடுத்த ஒரு மணி நேரம் கேக்காரம்மா இருவரையும் தொந்தரவு செய்யவில்லை. மூன்றாவது அடுக்கை அடுப்பில் வைத்தாள், கிரீமை அடித்தாள், நடுநடுவே எட்டிப் பார்த்தாள். மேசைமேல் பழைய செய்தித்தாள்களை விரித்து, கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொண்டே போனார்கள். கிளட்ச் தட்டுகள் வந்தன. காந்தச் சக்கரம் வந்தது. மண்ணெண்ணெய் வாசனையும் வெனிலா வாசனையும் வீட்டுக்குள் கலந்து, வேறெங்கும் கிடைக்காத ஒரு வாசனை உருவானது.

பேச்சு மட்டும் பெரிதாக இல்லை. "அந்தத் துணி." "இந்தா." "மெல்ல." "தெரியும்." அவ்வளவுதான். அந்த வீட்டில் பத்து வருஷத்துக்குப் பிறகு நடந்த பெரிய உரையாடல் அது.

கடைசியில் மிஞ்சியது அடிப்பெட்டி. இரண்டு பாதிகளாகச் செய்து ஒட்டவைத்த அலுமினியப் பெட்டி. கியர் எல்லாம் அதற்குள். திருகாணிகளை எல்லாம் எடுத்தாயிற்று. தட்டிப் பார்த்தார்கள், ஆட்டிப் பார்த்தார்கள். அது வாயைத் திறக்கிற வழியாக இல்லை.

"சூடு பண்ணினாத்தான் பிரியும்," என்றார் கண்ணாடிக்காரர். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அவனுக்குள்ள வைக்கணும்."

"எவனுக்குள்ள?" என்றாள் வாலு.

"கேக் செய்யற அவன். கரண்ட் அவன்."

"என்னது?" சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள் கேக்காரம்மா. "என் அடுப்புல உங்க என்ஜினா? அது என்ன, கேக்கா? அடுப்பெல்லாம் கிரீஸ் நாறினா நாளைக்கு யார் என்கிட்ட ஆர்டர் கொடுப்பாங்க?"

"சோப்புப் போட்டுக் கழுவிடறேன்மா."

"அண்ணி, நானும் சேர்ந்து கழுவறேன்."

அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"என் கேக் முதல்ல வெளிய வரணும். அப்புறம் நீங்க அந்தப் பெட்டியை மூணு தடவை கழுவணும். மோந்து பாப்பேன். வாசனை வந்துச்சுன்னா நாலாவது தடவை. நாளைக்கு அடுப்பைத் தேய்ச்சுக் கொடுக்க வேண்டியது உங்க பொறுப்பு."

நான்கு தடவையும் கழுவ வேண்டியிருந்தது.

தட்டில் தடித்த காகிதம் விரித்து, அலுமினியப் பெட்டியை அதன்மேல் வைத்து, கேக்குக்கு வைப்பதைவிடக் குறைவான சூட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள் கேக்காரம்மா. கண்ணாடிக்காரர் தரையில் கொட்டிய ஆயிலைத் துடைக்கப் போனார். வாலு கைகழுவும் தொட்டியருகே நின்று, சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு சோப்புத் தேய்த்தாள்.

முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு. கோணல்மாணலாகத் தைத்த தையல் மாதிரி.

"இது எப்ப பட்டது?"

"அன்னிக்குத்தான் அண்ணி. அந்த வண்டியில."

"விழுந்தியா? வண்டி நின்னுபோச்சுன்னுதானே அவர் சொன்னாரு?"

"ஓடற வண்டியில சக்கரம் பூட்டினா எங்க நிக்கறது? ரோட்டுல பொத்துன்னு விழுந்து உராய்ஞ்சுக்கிட்டே போனேன்." வாலு தண்ணீரில் கையைக் காட்டியபடியே பேசினாள். "நீங்க அன்னிக்கு உங்க அம்மா வீட்டுல இருந்தீங்க. நான் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கறேன். கையிலேர்ந்து ரத்தம் சொட்டுது. அண்ணன் வெளிய வந்தாரு. நேரா வண்டிக்கிட்ட போனாரு. குனிஞ்சாரு, பார்த்தாரு, மிதிச்சாரு. 'கொன்னுட்டியே'ன்னாரு. என் பக்கம் திரும்பவே இல்ல. ஆயிலுக்கா அண்ணி நான் இத்தனை வருஷம் பேசாம இருந்தேன்?"

கேக்காரம்மா துண்டை எடுத்துக் கொடுத்தாள். திரும்பியபோது கதவோரத்தில் கணவர் நின்றிருந்தார், கையில் ஆயில் துணியோடு. எவ்வளவு நேரமாக நின்றார், எது காதில் விழுந்தது என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"வெந்திருச்சா?" என்றார்.

கேக்காரம்மா அடுப்பைத் திறந்து, விரலை நனைத்து ஒரு சொட்டு நீரைப் பெட்டிமேல் உதறினாள். 'சுர்' என்று ஓடி மறைந்தது.

"வெந்திருச்சு. எடுத்துக்கிட்டுப் போங்க."

அவளுடைய பூப்போட்ட கையுறைகளை மாட்டிக்கொண்டு, அண்ணன் ஒரு பாதியைப் பிடித்தார். தங்கை சுத்தியலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினாள். டொக். டொக். டொக். நாலாவது சுற்றில் மயிரிழையாக ஒரு கோடு தெரிந்தது. அது விரல் அகலத்துக்குத் திறந்தது. பிறகு, கோபம் தீர்ந்த ஆள் மாதிரி, பெட்டி தானாகவே இரண்டாகப் பிரிந்து நின்றது.

மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

ஒன்றோடொன்று கோத்தபடி பற்சக்கரங்கள். ஆயில் மினுக்கத்தில் எல்லாம் புதிது போலவே இருந்தன. கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்ந்தார். ஓரிடத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியின் பொடித் திருகாணிகளை எடுக்கிற இடுக்கியை வாங்கி உள்ளே விட்டார். கொஞ்சம் நெம்ப வேண்டியிருந்தது. 'டக்'கென்று ஒன்று கையோடு வந்தது.

மாதுளை முத்து அளவு இருந்தது. இரும்புத் துணுக்கு.

"கிக்கர் சக்கரத்தோட பல்லு," என்றார். "உடைஞ்சு போய் ரெண்டு கியருக்கும் நடுவுல விழுந்திருக்கு. அதான் எல்லாத்தையும் பூட்டிருச்சு. கிக்கர் அசையாததும் இதனாலதான்."

அவர் சக்கரங்கள் கோத்திருந்த தண்டை விரலால் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. எந்தத் தடங்கலும் இல்லாமல், எண்ணெய் போட்ட கதவு மாதிரி, அத்தனை சக்கரங்களும் ஒன்றையொன்று கூட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றின.

"சாகவே இல்ல," என்றார். "இது சாகவே இல்ல."

முதலில் சிரித்தது வாலுதான். வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தாள், பொத்த முடியவில்லை. "இந்தப் பல்லுக்கா அண்ணா? இந்தப் பல்லுக்கா நீ பத்து வருஷம் 'இதோ இதோ'ன்னு ஃபோனை நீட்டினே?" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேக்காரம்மாவும் சேர்ந்துகொண்டாள். அவளுக்குச் சிரிக்க இன்னொரு காரணமும் இருந்தது. வாலுவின் கால் கிக்கருக்கு எட்டாது. அவள் எப்போதும் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்வாள். தினமும் காலையில் ஒரே மிதியில் கிளப்புகிறேன் என்று எகிறி எகிறிக் குதித்து மிதித்தவர் யார் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கணவரின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. இடுக்கியைக் கீழே வைத்தார். பூப்போட்ட கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"கை..." என்றார். "முழங்கை. இப்ப மடக்க முடியுதா?"

வாலுவின் சிரிப்பு நின்றது. கையை மடக்கிக் காட்டினாள். நீட்டிக் காட்டினாள்.

"அதெல்லாம் சரியாப் போச்சுண்ணா. மழைக்கு மட்டும் லேசா வலிக்கும்."

"இன்னிக்கு மழையாச்சே."

"ஆமா."

அவர் எழுந்தார். அந்த வீட்டிலேயே சாய்மானம் நன்றாக உள்ள நாற்காலியை முன்னறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, கைவைக்கும் இடத்தில் ஒரு தலையணையையும் வைத்து, "இதுல உட்காரு" என்றார். வாலு மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தாள். கேக்காரம்மாவுக்கு அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் ஏதோ அவசர வேலை இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே போனாள்.

கேக்கின் மேட்டைச் சமன்செய்யும்போது வெட்டி எடுத்த துண்டுகளை ஒரு தட்டில் போட்டுக் காப்பியோடு அனுப்பினாள். கறுத்த விரல்களோடு அண்ணனும் தங்கையும் அதைத் தின்று தீர்த்தார்கள். பத்து வருஷப் பாக்கியைப் பேசித் தீர்த்துவிடுவது போலப் பேசினார்கள். அவருக்குக் கண்ணில் பூதக்கண்ணாடி இல்லாவிட்டாலும் புத்தியில் உண்டு. திடீரென்று பேச்சை நிறுத்தினார்.

"இரு இரு. பின்சக்கரம் பூட்டிக்கிச்சுன்னா வண்டி நகராதே. நீ எப்படி வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தே?"

வாலு காப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள். "செயினைக் கழட்டிட்டா சக்கரம் சுத்துமே."

"அதான் வண்டியில செயினே இல்லையா! ஆனா, அன்னிக்கு உங்கிட்ட ஸ்பேனரே இல்லையே."

"ஒருத்தர் கழட்டினாரு."

பாதி மட்டும் காதில் விழுந்த கேக்காரம்மா கிரீம் பையோடு ஓடிவந்தாள். "என்னது, செயினைக் கழட்டிக்கிட்டானா? எவன்? கழுத்துல போட்டிருந்த செயினையா?"

"வண்டிச் செயின் அண்ணி!"

சிரித்து முடித்தபோது வாலுவின் காது மடல்கள் சிவந்திருந்தன. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், எதற்கும் அசையாதவள், கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு பேசினாள். அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அன்று கருவிப்பையோடு அந்த வழியாகப் போனவர் செயினைக் கழற்றி, ரத்தம் நிற்காத கையில் துணியைச் சுற்றி, தெருமுனை வரை கூடவே தள்ளிக்கொண்டு வந்தார். பெயரைக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் போன வருஷம், ஆஸ்பத்திரியில் காலி ஸ்ட்ரெச்சரோடு இவள் ஏறிய லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. கதவை நெம்பித் திறந்தவர், இவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, 'செயின் எப்படியிருக்கு?'

"இப்ப எங்க இருக்காரு?" என்றாள் கேக்காரம்மா, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"உங்ககிட்ட சொல்லிட்டு அப்புறம் கூப்பிடறேன்னு சொல்லியிருந்தேன்." வாலு ஜன்னலைக் காட்டினாள். "அவருக்குப் பொறுமை கிடையாது. அதோ, அந்த நீலக் கார்."

எதிர்வரிசையில், மழையில் நனைந்துகொண்டு பழைய நீலக் கார் ஒன்று நின்றது.

"ஏம்மா, வந்தவரை வாசல்ல நிக்க வைக்கறதா?" கண்ணாடிக்காரர் எழுந்தார். மூலையிலிருந்த குடையை எடுத்தார். செருப்பைக்கூட மாட்டவில்லை.

"அண்ணா, ஒரு நிமிஷம், இன்னொண்ணு..." என்று வாலு ஆரம்பிப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

பெண்கள் இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கார்க் கண்ணாடி இறங்கியது. குனிந்தார், ஏதோ பேசினார், தலையாட்டினார். கார்க்காரர் ஸ்டார்ட் செய்ததும் இவர் தலை சாய்ந்தது. காரின் மூக்குப் பக்கம் போய்க் காதை வைத்துக் கேட்டார். மூடியைத் திறக்கச் சொன்னார். உயரமான ஒரு மனிதர் இறங்கிவந்து குடையைப் பிடிக்க, இவர் இடுப்புவரை என்ஜினுக்குள் போய்விட்டார்.

"போச்சு," என்றாள் கேக்காரம்மா. "அதையும் என் மேசைக்குக் கொண்டுவரப் போறாரு."

மூடி சாத்தப்பட்டது. இரண்டு ஆண்களும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு கண்ணாடிக்காரர் சுற்றிப் போய் ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மற்றவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஓட்டிப் பார்க்கிறாராம். நீலக் கார் மெல்ல நகர்ந்து, தெருமுனையில் திரும்பி, கண்ணிலிருந்து மறைந்தது.

கேக்காரம்மா சந்தோஷமாகத் திரும்பினாள். வாலுவின் முகத்தில் அது இல்லை. ஜன்னல் திரையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நான் இன்னும் முழுசாச் சொல்லல. அதுக்குள்ள அண்ணன் குடையை எடுத்துட்டாரு."

"என்ன இன்னும்?"

"அவருக்கு ஒரு பொண்ணு இருக்கா. ஆறு வயசு. கார்ல வந்தா எப்பவும் பின்சீட்டுல போர்வைக்குள்ள தூங்கிடுவா. பாதித் தூக்கத்துல எழுந்து, அப்பாவோட இடத்துல வேற யாராவது உட்கார்ந்திருக்கறதைப் பார்த்தான்னா..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. தெருமுனைக்கு அப்பாலிருந்து நீளமாகப் பிரேக் சத்தம் ஒன்று கேட்டது. அதோடு சேர்ந்தே, அந்தத் தெருவில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலின் வீறிடல்: "அப்பா! இது யாரு?"